பிள்ளைகளுக்குப் பேச்சு வளர்வது பாட்டு நேரத்திலா, சாப்பாட்டு நேரத்திலா?

கேள்வி: நான் அங்கன்வாடியில் டீச்சராகச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. 2 வயதிலிருந்து 5 வயது வரை இருபது பிள்ளைகள் வருகிறார்கள். நானும் ஓர் உதவியாளரும்தான் பார்த்துக்கொள்கிறோம். பாட்டு, எண், நிறம் எல்லாம் கோரஸாக நன்றாகச் சொல்கிறார்கள். தனியாக ஏதாவது கேட்டால் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. இரண்டரை வயதுப் பையன் ஒருவன் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை. கட்டட வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெற்றோரோ "ஏ பி சி டி எப்ப சொல்லித் தருவீங்க" என்கிறார்கள். இவர்களுடைய பேச்சு வளர நான் என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து பாடுகிற பிள்ளைக்குப் பாட்டு தெரியும், அவ்வளவுதான். தனக்கு வேண்டியதைக் கேட்பது, பார்த்ததைச் சொல்வது, "ஏன்" என்று நச்சரிப்பது, இன்னொருவர் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்வது, இதெல்லாம் கோரஸில் வராது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மாறி மாறிப் பேசும்போதுதான் வரும். இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதற்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். நேரம் இருக்கிறது. கை கழுவி விடுகிற நேரம், சோறு போடுகிற நேரம், மூக்குத் துடைக்கிற நேரம், பாய் விரிக்கிற நேரம் எல்லாம் அதற்கான நேரம்தான். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். பிள்ளைகள் நன்றாகப் பேசுகிற மையங்களில் சுவரில் சார்ட் அதிகம் இருந்ததாக நினைவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சலசலப்பு அதிகம் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. 1995-ல் அமெரிக்காவின் கான்சஸ் பகுதியில் 42 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து எழுதிய ஓர் ஆய்வு மிகவும் பிரபலம். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிற சொற்களின் எண்ணிக்கையில், நாலு வயதுக்குள் 3 கோடி வித்தியாசம் வந்துவிடுகிறது என்றது அது. 42 குடும்பத்தை வைத்து இவ்வளவு பெரிய கணக்கா என்று பின்னால் பலர் கேட்டார்கள். கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் அதற்குள் "பிள்ளை காதில் சொற்களைக் கொட்டிக்கொண்டே இருங்கள்" என்கிற அறிவுரை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2018-ல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்தார்கள். கதை கேட்கும்போது அவர்கள் மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். எத்தனை சொல் காதில் விழுந்தது என்பதைவிட, பெரியவரும் பிள்ளையும் எத்தனை தடவை மாறி மாறிப் பேசினார்கள் என்பதுதான் மூளையின் மொழிப் பகுதி இயங்குவதோடு ஒத்துப்போனது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படியே இருந்தது. ஆக, நீங்கள் ஓயாமல் பேச வேண்டியதில்லை. பிள்ளைக்கு அதன் முறை கிடைக்க வேண்டும்.

ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் 1946-ல் புடாபெஸ்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார். அங்கே அவர் வைத்த முக்கியமான விதி, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது ஆகிய நேரங்களில் அவசரமே கூடாது என்பது. "இப்ப கையைத் தூக்கப்போறேன்" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, அது கையைத் தூக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்ற வேண்டும். மற்ற நேரத்தில் குழந்தை தன் பாட்டுக்கு விளையாடும். ஒரு பெரியவருக்குப் பல குழந்தைகள் என்கிற இடத்தில் இதைவிட நடைமுறைக்கு ஒத்துவருகிற யோசனையை நான் பார்த்ததில்லை. எப்படியும் தொட்டுச் செய்ய வேண்டிய வேலைகள் இவை. அந்த ஒரு நிமிடம் அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது.

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். வாரத்துக்கு மூன்று முட்டை போடுகிறோம் இல்லையா, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். "முட்டையைச் சாப்பிடு, சீக்கிரம்" என்றால் அதற்குப் பிள்ளை பதில் சொல்ல எதுவுமே இல்லை. வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்த முட்டையை உரிக்காமல் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள்.

"எப்படி இருக்கு?"

"சூடு."

"ஆமா, சூடா இருக்கு. இப்பதான் தண்ணியில வெந்துச்சு. தரையில தட்டு பாப்போம்."

தட்டுகிறாள். "ஒடஞ்சு போச்சு!"

"அச்சச்சோ, எது ஒடஞ்சு போச்சு?"

இந்த இடத்தில் நீங்கள் சும்மா இருக்க வேண்டும். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள்.

"முட்ட."

"முட்டையோட ஓடு ஒடஞ்சு போச்சு. உரி, உரி. உள்ள எப்படி இருக்கு, தொட்டுப் பாரு."

"வெள்ள."

"வெள்ளையா வழுவழுன்னு இருக்கு. அதுக்கும் உள்ள என்ன இருக்கும்?"

"மஞ்ச. டீச்சர், எனக்கு மஞ்ச வேணாம்."

மொத்தமே ஒரு நிமிடம்தான். சூடு, வெந்தது, தட்டு, ஓடு, உரி, வழுவழு என்று எத்தனை சொற்கள் வந்து போயின பாருங்கள். ஒவ்வொன்றும் கையில் பொருள் இருக்கும்போதே வந்த சொல். கடைசியில் அவளே உங்களைக் கூப்பிட்டு ஒரு முழு வாக்கியம் சொல்லிவிட்டாள். மஞ்சள் கரு வேண்டாம் என்று அவள் சொன்னது உங்களுக்குத் தலைவலியாக இருக்கலாம். மொழிக்கு அது நல்ல சேதி. "ஏன் வேணாம்?" என்று கேளுங்கள். "தொண்டையில ஒட்டுது" என்று பதில் வரும். காரணம் சொல்லிப் பேசத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

இருபது பேரிடமும் தினமும் இப்படிப் பேச முடியாது. ஒரு நாளைக்கு நாலு பேர் போதும். ஆனால் யார் அந்த நாலு பேர் என்பதை உங்கள் மனம் போனபடி விடாதீர்கள். எந்த மையத்துக்குப் போய்ப் பார்த்தாலும் இது நடக்கும்: துறுதுறுவென்று பேசுகிற மூன்று பிள்ளைகள் டீச்சரின் மொத்தப் பேச்சையும் வாங்கிக்கொள்ளும், மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு "உக்காரு", "சாப்பிடு", "தூங்கு" மட்டும் கிடைக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பேசுகிற பிள்ளையோடு பேசுவது சுலபம் என்பதால் அப்படி ஆகிவிடுகிறது. வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி வையுங்கள். தனியாக நாலு வார்த்தை பேசிய பிள்ளைக்கு ஒரு டிக். வெள்ளிக்கிழமை டிக் இல்லாத பெயர்களைப் பாருங்கள். உங்கள் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அவர்கள்தான்.

காத்திருக்கச் சொன்னேன் அல்லவா, அதுதான் எல்லாவற்றிலும் கடினம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள், அதற்குள் வேறு பிள்ளையைக் கேட்டார்கள், இல்லாவிட்டால் பதிலையும் தாங்களே சொன்னார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசின. அவர் பார்த்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை. இரண்டு, மூன்று வயதுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். கேட்டதைப் புரிந்து, சொல்லைத் தேடி, வாயில் கொண்டுவர வேண்டுமே. நம்மால் ஐந்து விநாடி சும்மா இருக்க முடிவதில்லை. பக்கத்திலிருக்கிற பெரிய பிள்ளையும் "டீச்சர், நான் சொல்றேன்" என்று முந்தும். "உன் முறை வரும், இப்ப இவ சொல்லட்டும்" என்று சொல்லிப் பழக்கிவிடுங்கள்.

பிள்ளை சொன்னதும் நீங்கள் செய்ய வேண்டியது, அதையே எடுத்துக் கொஞ்சம் நீட்டித் திருப்பிக் கொடுப்பது. "நாய் போச்சு" என்றால், "ஆமா, கறுப்பு நாய் குடுகுடுன்னு ஓடிப் போச்சு." பிள்ளை இரண்டு சொல் சொன்னால் நீங்கள் நாலு சொல்லுங்கள்; பத்து வேண்டாம். "அப்படிச் சொல்லக் கூடாது, திருப்பிச் சொல்லு" என்று நிறுத்தினால் பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்க யோசிக்கும். "லயில்" என்கிற பிள்ளையிடம் "ஆமா, ரயில், பெரிய ரயில்" என்று சரியாகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ர, ற, ழ எல்லாம் தாமதமாக வருகிற ஒலிகள். நாலு வயதில் ழகரம் வரவில்லை என்று கவலைப்பட ஒன்றுமில்லை. பெரியவர்களிலேயே எத்தனை பேருக்கு வருகிறது! அதே போல மூன்று வயதுவாக்கில் சில பிள்ளைகள் "எ... எ... எனக்கு" என்று திக்கும். மனசு ஓடுகிற வேகத்துக்கு வாய் ஈடு கொடுக்காததுதான் பெரும்பாலும் காரணம், தானாகவே சரியாகும். "மெதுவா சொல்லு" என்று சொல்லாதீர்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்தும் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ மட்டும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கேள்விகளைப் பற்றி ஒரு வார்த்தை. "இது என்ன கலர்? இது எத்தனை?" என்று நாம் கேட்பதெல்லாம் பதில் தெரிந்துகொண்டே கேட்கிற பரீட்சைக் கேள்விகள். பிள்ளைக்கும் அது தெரியும். "நேத்து ராத்திரி கரண்டு போச்சே, உங்க வீட்ல என்ன பண்ணீங்க?" என்பது நிஜக் கேள்வி, உங்களுக்கு உண்மையிலேயே பதில் தெரியாது. நாலு வயதுப் பிள்ளைகளிடம் இப்படித்தான் கேட்க வேண்டும். நேற்று நடந்ததை இன்று சொல்வது பெரிய வேலை. யார், எங்கே, எதற்கு அப்புறம் எது என்று எல்லாம் கோத்துச் சொல்ல வேண்டும். கதை சொல்வதும், பின்னால் எழுதுவதும் இதிலிருந்துதான் வரும். இரண்டு வயதுக்காரர்களிடம் கேள்வியைக் குறையுங்கள். நடப்பதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு கையிலும் இரண்டு பொருளைக் காட்டி, "பந்து வேணுமா, பொம்மை வேணுமா?" என்று கேளுங்கள். பதிலுக்கு வேண்டிய சொல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருப்பதால் பிள்ளைக்குச் சுலபம்.

இப்போது உங்கள் உதவியாளர். பிள்ளைகள் அவரை ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கை கழுவி விடுவதும், ஊட்டுவதும், கழிப்பறைக்குக் கூட்டிப் போவதும் அநேகமாக அவர்தான். அப்படியென்றால் உங்கள் மையத்தில் முக்கியமான மொழி ஆசிரியர் யார்? பயிற்சிக்கு டீச்சரை மட்டும் கூப்பிடுவது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம். நீங்கள் கற்றுக்கொண்டதை அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். "பாடம் எடுங்க" என்று சொல்ல வேண்டாம். "கழுவும்போது பேசிக்கிட்டே கழுவுங்க, அது பதில் சொல்லட்டும்" என்றால் போதும். அவர் எந்த ஊர்ப் பேச்சு பேசுகிறாரோ அதிலேயே பேசட்டும். மதுரைப் பேச்சோ, கோயமுத்தூர்ப் பேச்சோ, நாகர்கோவில் பேச்சோ, பிள்ளை வீட்டில் கேட்கிற தமிழ்தான் அதன் கையிருப்பு. சில மையங்களில் மேலதிகாரி வரும்போது மட்டும் "நீர் அருந்துங்கள் குழந்தைகளே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளைகள் யாரோ புதிதாக வந்துவிட்டதாக விழிக்கும்.

பாட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடுகிற விதத்தை மாற்றுங்கள். வேகத்தைப் பாதியாக்குங்கள். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு முகத்தைப் பாருங்கள். பேசாத பிள்ளைகூட அந்த ஒரு சொல்லைப் போட்டு நிரப்பும். பாட்டில் வருகிற பெயரை எடுத்துவிட்டு உங்கள் பிள்ளைகளின் பெயரைப் போடுங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கடைசியில் கை வழியாக நண்டு ஊர்ந்து கிச்சுகிச்சு மூட்டுகிற விளையாட்டு இருக்கிறதே, அதற்கு ஈடான மொழிப் பயிற்சியை எந்த கிட்டிலும் வாங்க முடியாது. ஒருவருக்கொருவர் முகம் பார்த்து ஆடுவது, அடுத்து என்ன வரும் என்று பிள்ளை காத்திருப்பது, "இன்னொரு தடவ" என்று கேட்க வைப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. தமிழில் தடதட, சலசல, கமகம, மொறுமொறு என்று இரட்டித்து வருகிற சொற்களைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். தாராளமாகப் போடுங்கள்.

படப் புத்தகத்தை இருபது பேருக்கும் தூக்கிக் காட்டிப் படிப்பதில் பெரிய பலன் இல்லை. மெக்சிகோவில் ஏழைக் குடும்பங்களின் இரண்டு வயதுப் பிள்ளைகள் வருகிற ஒரு பகல்நேரக் காப்பகத்தில் நடந்த ஆய்வு 1992-ல் வெளியானது. சில பிள்ளைகளோடு ஒருவர் தனித்தனியாக உட்கார்ந்து, படத்தைக் காட்டிக் கேட்டு, பிள்ளை சொன்னதை நீட்டிச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையையே கதை சொல்ல வைத்தார். மற்ற பிள்ளைகளுக்கும் ஒருவர் தனியாக நேரம் கொடுத்தார், ஆனால் புத்தகத்துக்குப் பதில் கைவேலைகள். புத்தகத்தோடு பேசிய பிள்ளைகளின் மொழி தெளிவாக முன்னால் போயிருந்தது. உங்களால் தனித்தனியாக முடியாது. ஆயாம்மா மற்றவர்களை மணலிலோ திண்ணையிலோ விளையாட விடும்போது நாலு பேரை மட்டும் அரைவட்டமாக உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரே புத்தகத்தை வாரம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நீங்கள் அதிகம் பேசுவீர்கள், நாலாவது நாள் அவர்கள் பேசுவார்கள். எழுத்தைப் படிக்க வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. சந்தைப் படத்தில் கூடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற பூனை யாரைப் பார்க்கிறது என்று பேசினாலே பத்து நிமிடம் ஓடும். புத்தகம் குறைவென்றால் பழைய காலண்டர் படம், விதைப் பாக்கெட், பிள்ளைகளின் வீட்டுப் போட்டோ எதுவும் ஆகும். வீட்டுப் போட்டோவைப் பார்த்தால் ஊமையாக இருந்த பிள்ளைகூட "எங்கம்மா" என்று சொல்லிவிடும்.

சொப்புச் சாமானைப் பூட்டி வைக்காதீர்கள். ஆய்வுக்கு யாராவது வந்தால் மட்டும் எடுக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. டீச்சரிடம் பேசாத பிள்ளை கடை விளையாட்டில் கடைக்காரராகப் பேசும். நீங்கள் வாடிக்கையாளராகப் போங்கள். "தக்காளி என்ன விலை?" "பத்து ரூவா." "பத்தா? நேத்து அஞ்சுதானே சொன்ன?" இதற்கு அந்தப் பிள்ளை சொல்லப்போகிற சமாளிப்பு, அன்று முழுக்க அது பேசியதிலேயே நீளமான வாக்கியமாக இருக்கும். பாடத்திட்டத்தில் மாதத்துக்கு ஒரு தலைப்பு வருகிறது இல்லையா, காய்கறி மாதத்தில் காய்கறிக் கடை, போக்குவரத்து மாதத்தில் பஸ் ஓட்டி கண்டக்டர் டிக்கெட் கொடுப்பது என்று அதிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம். தனியாகத் திட்டம் எழுத வேண்டாம்.

டி.வி., மொபைல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒரு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. வீட்டிலேயே அந்த ஒரு மணி நேரம் தாண்டிவிடுகிறது. மையத்திலும் அது தேவையா? அமெரிக்காவின் சியாட்டிலில் 2003-ல் வெளியான ஒரு சோதனையில் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆள், அதே பேச்சு வீடியோவில் வந்தபோது ஒன்றும் கற்கவில்லை. 2009-ல் வந்த இன்னோர் ஆய்வு, டி.வி. ஓடுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர் வாயிலிருந்து பிள்ளை கேட்கிற சொற்கள் சுமார் 770 குறைகின்றன என்று காட்டியது. ஸ்பீக்கரில் பாட்டு போட்டு விடுவதும் இதே கணக்குதான். ஏற்கெனவே ஷீட் கூரை, மின்விசிறிச் சத்தம், தெருச் சத்தம். அதற்கு மேல் ஸ்பீக்கரும் ஓடினால் மெல்லப் பேசுகிற பிள்ளையின் குரல் உங்களுக்கும் கேட்காது, உங்கள் குரல் அதற்கும் கேட்காது.

பெற்றோர் ஏ பி சி டி கேட்பதில் தப்பில்லை. பக்கத்துத் தெரு நர்சரிப் பிள்ளை ஒப்பிக்கிறது, நம் பிள்ளை ஒப்பிக்கவில்லை என்கிற பயம்தான். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசே பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதிலிருந்து மற்ற மையங்களிலும் இந்த எதிர்பார்ப்பு கூடியிருக்கிறது. அவர்களோடு வாதம் செய்யாதீர்கள். எழுத்தை ஒப்பிப்பது ஒன்றாம் வகுப்பில் சில மாதத்தில் வந்துவிடும். படித்தது புரிவதற்கு வேண்டிய சொல்வளம் அப்படிச் சில மாதத்தில் வராது. இதை விளக்குவதைவிடக் காட்டுவது நல்லது. பிள்ளையைக் கூட்டிப் போக வரும்போது, "இன்னிக்கு முட்டையோட மஞ்சள் ஏன் வேணாம்னு காரணம் சொன்னா, தெரியுமா?" என்று பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். அம்மா முகம் மலரும். போகிற வழியில் பிள்ளையிடம் அதைப் பற்றிக் கேட்பாள். கூடவே, வீட்டில் சமைக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். தனியாக நேரம் ஒதுக்குங்கள் என்றால் கூலி வேலைக்குப் போய்வருகிற அம்மா எங்கே போவாள்?

வடமாநிலப் பிள்ளைகள் இருவரைப் பற்றி: முதலில் அவர்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் எல்லோரையும் "ஹிந்திக்காரங்க" என்று சொல்லிவிடுகிறோம்; ஒடியாவாகவோ வங்காளியாகவோ போஜ்புரியாகவோ இருக்கும். தண்ணீர், சாப்பாடு, வலி, ஒண்ணுக்கு, அம்மா வருவாங்க ஆகியவற்றுக்கு அவர்கள் மொழியில் என்ன என்று அந்த அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆயாம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். புது மொழிக்குள் வந்த பிள்ளை சில வாரமோ சில மாதமோ பேசாமல் கவனித்துக்கொண்டே இருப்பது சகஜம். அந்தச் சமயத்தில் சொல்வதைப் புரிந்துகொள்கிறதா, கை காட்டுகிறதா, மற்ற பிள்ளைகளோடு விளையாடுகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு மொழியையும் கலந்து பேசும், அதுவும் சகஜம்தான். "வீட்லயும் தமிழ்லயே பேசுங்க" என்று மட்டும் பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கிற நல்ல மொழியும் அதனால் போய்விடும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பது உண்மையில்லை. இருளர் குடியிருப்பிலோ, தெலுங்கு, சௌராஷ்டிரம் பேசுகிற தெருவிலோ உள்ள அங்கன்வாடிகளுக்கும் இதே கதைதான்.

கடைசியாக அந்த இரண்டரை வயதுப் பையன். மேலே சொன்னதையெல்லாம் அவனுக்கும் செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். பொதுவாக ஒன்றரை வயதில் சில சொற்களாவது வந்திருக்கும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணாம்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். மூன்று வயதில் வெளியாட்களுக்கும் ஓரளவு புரிகிற மாதிரி பேசும். இரண்டரை வயதில் ஒரு சொல்லும் இல்லை என்றால் பொறுத்திருக்க வேண்டிய கட்டம் தாண்டிவிட்டது. வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்: ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு, நாக்குல வசம்பு தேய்ச்சா வந்துரும். வசம்பு தேய்த்துப் பேச்சு வராது. இந்தப் பேச்சுகளில் ஒரு வருடம் போய்விடும், அந்த ஒரு வருடம்தான் விலைமதிப்பில்லாதது.

முதலில் பார்க்க வேண்டியது காது. அவனுக்குப் பின்னால் நின்று, முகம் தெரியாமல், சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிப் பாருங்கள். தட்டு விழுகிற சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதை வைத்துக் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பலத்த சத்தம் கேட்டு, பேச்சொலி சரியாகக் கேட்காத பிள்ளைகள் உண்டு. அடிக்கடி சளி பிடிக்கிறதா, காதில் சீழ் வடிகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். சீழ் வடிகிற காதில் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், அவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, ஒரு பொருளைக் காட்டினால் அதைப் பார்க்கிறானா, தனக்குப் பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறானா என்று கவனியுங்கள். முன்பு பேசிய சொற்களை இப்போது விட்டுவிட்டான் என்றால் அன்றே அனுப்ப வேண்டும். ஆட்டிசமா, வேறு எதுவுமா என்று நாம் பெயர் வைக்க வேண்டாம். அது மருத்துவர் வேலை.

எங்கே அனுப்புவது? 2013 முதல் நடக்கிற ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். வளர்ச்சித் தாமதமும் காது கேளாமையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலிலேயே இருக்கின்றன. ஆனால் அவர்கள் வருகிற நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதி வாங்கலாம். செவித்திறன் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, குழந்தை மருத்துவர் என்று எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க வைப்பதுதான் அந்த மையத்தின் நோக்கம். காது கேட்கவில்லை என்று தெரிந்தால் செவிக்கருவி இருக்கிறது; தேவைப்படுகிற சிறு பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உள்காதில் காக்ளியர் என்ற கேட்கும் கருவி பொருத்துவதும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. அதற்கு வயது வரம்பு உண்டு, சீக்கிரம் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த அம்மாவை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். டாக்டர் பார்க்கிற பத்து நிமிடத்தில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும், அம்மா பயந்துபோய் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கான்" என்பாள். ஒரு வாரம் கவனித்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: என்னென்ன ஒலி எழுப்புகிறான், என்ன சொன்னால் புரிந்துகொள்கிறான், வேண்டியதை எப்படிக் கேட்கிறான் (கையைப் பிடித்து இழுக்கிறானா, விரல் நீட்டுகிறானா, அழுகிறானா), பெயர் சொன்னால் பத்தில் எத்தனை தடவை திரும்புகிறான், மற்ற பிள்ளைகளோடு என்ன செய்கிறான், காது, சளி விவரம். "பேச்சு வரவில்லை" என்று ஒரே வரி எழுதுவதைவிட இது டாக்டருக்குப் பல மடங்கு உதவும். திரும்பி வந்ததும் பேச்சுப் பயிற்சியாளர் என்ன செய்யச் சொன்னார் என்று கேட்டு, அதை முட்டை நேரத்திலும் கை கழுவுகிற நேரத்திலும் நீங்களும் ஆயாம்மாவும் செய்யுங்கள். பயிற்சியாளரை அவன் வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே அதிகம். உங்களோடுதான் தினமும் இருக்கிறான்.